எந்த கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கலாம்? வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஏஞ்சல், டெட்ரா, கோரிடோரஸ் மீன்கள் எல்லாம் சேர்ந்து இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரைப் போல 10 மடங்கு சுற்றும் கேனிஸ்டர்தான் (தொட்டிக்கு வெளியே கீழே வைத்து, ஹோஸ் வழியாகத் தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் மூடிய ஃபில்டர்) வாங்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் மணிக்கு 2000 லிட்டர் மாடல்தானே வாங்க வேண்டும்?

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். உங்கள் தொட்டி 6.75 கன அடி, விளிம்பு வரை நிரப்பினால் 191 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மரக்கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 160 லிட்டர் வாக்கில்தான் நிற்கும்.

அடுத்து அந்த 10 மடங்கு. பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற எண் பெரும்பாலும் மோட்டார் மட்டும், உள்ளே எதுவும் இல்லாமல் தள்ளும் அளவு. ஸ்பாஞ்ச், பஞ்சு, செராமிக் ரிங் எல்லாம் (இவற்றைத்தான் மீடியா என்கிறோம்) நிரப்பி, ஹோஸ் மாட்டி, ஒரு மாத அழுக்கும் சேர்ந்த பிறகு அதில் 60, 70 சதவீதம் வந்தாலே நல்ல ஃபில்டர், சிலவற்றில் பாதிதான் வரும். ஃப்ளூவல் மாதிரி சில நிறுவனங்கள் மோட்டார் தள்ளும் அளவையும் மீடியாவோடு சுற்றும் அளவையும் தனித்தனியாகவே கொடுக்கின்றன. அப்படிக் கொடுத்திருந்தால் இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள்.

இதை விட முக்கியம், வேகம் என்பது சுத்திகரிப்பு இல்லை. ஈஹைம் கிளாசிக் 2213 என்ற பழைய மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 440 லிட்டர், 8 வாட். அதை 250 லிட்டர் தொட்டி வரைக்கும் அந்த நிறுவனமே பரிந்துரைக்கிறது, அதாவது பெரிய தொட்டியில் இரண்டு மடங்குகூட வராது. அப்படியும் அது பல வீடுகளில் வருடக்கணக்காக நன்றாக ஓடுகிறது. காரணம், உள்ளே முழுக்க மீடியா, தண்ணீர் ஓரமாக நழுவிப் போக வழியில்லாமல் எல்லாம் மீடியா வழியாகத்தான் ஏற வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது மீடியாவில் ஒட்டி வாழும் பாக்டீரியா, அது எவ்வளவு இருக்கும் என்பதை நீங்கள் போடும் தீனிதான் முடிவு செய்கிறது. தண்ணீரை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் பாக்டீரியா இரண்டு மடங்கு ஆகாது.

வேகம் தேவைப்படுவது வேறு வேலைக்கு. மூலையில் தேங்கும் கழிவை உறிஞ்சும் குழாய் வரை கொண்டு வரவும், ஆக்ஸிஜனும் வெப்பமும் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவும் ஓரளவு ஓட்டம் வேண்டும். உங்கள் தொட்டிக்குப் பெட்டியில் போட்ட அளவில் மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் வரை உள்ள ஃபில்டர் தாராளம். ஏஞ்சலுக்கு அகலமான துடுப்பு, ஓட்டம் அதிகமான தொட்டியில் நாள் முழுக்க எதிர்த்து நீந்தியே களைத்துப் போகும். இதே அளவு தொட்டியில் கோல்டு ஃபிஷோ, இன்னும் பெரிய தொட்டியில் ஆஸ்கரோ வைத்திருந்தால் என் பதில் வேறு. அவை அதிகம் தின்று அதிகம் கழிப்பவை, அவற்றுக்கு 8, 10 மடங்கு என்று போவதில் அர்த்தம் இருக்கிறது.

வேகத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு மாடல்கள் கையில் இருந்தால் நான் கேட்பது மூன்று விஷயம். உள்ளே எத்தனை லிட்டர் மீடியா பிடிக்கும் (உங்களுக்கு 4 லிட்டராவது இருக்கட்டும்). மூடியைத் திறந்து, கழுவி, திரும்ப மூட எவ்வளவு சிரமம். இம்பெல்லரும் (தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரம்) ஓ-ரிங்கும் (மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) தனியாகக் கிடைக்குமா. நடுவில் இருக்கும் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திறக்கக் கஷ்டமான ஃபில்டரை யாரும் திறப்பதில்லை, திறக்காத ஃபில்டர் எவ்வளவு பெரிய கம்பெனியுடையதாக இருந்தாலும் பயனில்லை. முடிந்தால் வாங்கும் முன் கடையிலேயே ஒரு முறை நீங்களே கிளிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். ஓவாஸே பயோமாஸ்டர் மாதிரி சில மாடல்களில் முதல் ஸ்பாஞ்ச் பகுதியை மட்டும், முழு ஃபில்டரையும் பிரிக்காமல் மேலேயே உருவி எடுத்துக் கழுவலாம். அந்த ஒரு வசதிக்காகவே வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன்.

கேள்வி: 2 அடி தொட்டி, 15 கப்பி மீன். கேனிஸ்டர் வாங்கலாமா?

பதில்: தேவையில்லை. 50 லிட்டர் தண்ணீருக்கும் கப்பிக்கும் நல்ல ஸ்பாஞ்ச் ஃபில்டர் (ஏர் பம்பில் ஓடுவது) ஒன்று போதும், குட்டிகளும் உறிஞ்சப்படாமல் பிழைக்கும். தொட்டிக்குள் எந்தக் கருவியும் கண்ணில் படக்கூடாது என்று விரும்பினால் மட்டும் சிறிய கேனிஸ்டர் போடுங்கள், ஆனால் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: தட்டுகளில் எதை எந்த வரிசையில் வைப்பது? என்னுடையதில் கார்பன் பை ஒன்றும் கூடவே வந்தது.

பதில்: மேலிருந்து கீழ் என்று யோசிக்காமல், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் ஓரமாக அடிக்கு இறங்கி, அங்கிருந்து தட்டுகள் வழியாக மேலே ஏறும். அப்படியானால் அடித்தட்டில் சொரசொரப்பான ஸ்பாஞ்ச், அதன் மேல் கொஞ்சம் நெருக்கமான ஸ்பாஞ்ச், பிறகு செராமிக் ரிங்கோ, நுண்துளைக் கண்ணாடி மீடியாவோ, எரிமலைக் கல்லோ, கடைசியாக வேண்டுமானால் மெல்லிய பஞ்சு. சில மாடல்களில் பாதை வேறு மாதிரி, கையேட்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். அழுக்கு முதலில் ஸ்பாஞ்சில் நின்றுவிட வேண்டும், ரிங்கிற்குத் தெளிந்த தண்ணீர்தான் போக வேண்டும். ரிங்கின் நுண்துளைகள் சேற்றால் அடைத்துவிட்டால் பாக்டீரியா ஒட்டும் பரப்பு இத்தனை சதுர மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி.

ஸ்பாஞ்சைக் குறைவாக நினைக்காதீர்கள். அழுக்கையும் பிடிக்கும், பாக்டீரியாவும் அதில் நன்றாக வளரும். விலை உயர்ந்த மீடியா வாங்கப் பணமில்லை என்றால் எல்லாத் தட்டிலும் ஸ்பாஞ்சே வைத்தாலும் தொட்டி நன்றாகவே ஓடும். மெல்லிய பஞ்சு தண்ணீரைப் பளிச்சென்று ஆக்கும், ஆனால் ஓட்டத்தைச் சீக்கிரம் அடைப்பதும் அதுதான். அடிக்கடி மாற்ற முடியாதவர்கள் அதை வைக்காமலே விடலாம்.

கார்பனை எடுத்து வைத்துவிடுங்கள். மரக்கட்டையிலிருந்து இறங்கும் பழுப்பு நிறம், வாடை, மருந்து போட்டு முடித்த பிறகு மிச்சம் இருக்கும் மருந்து, இவற்றை எடுக்க அது உதவும். சில வாரங்களில் அதன் வேலை முடிந்துவிடும். மீனுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் உள்ளே கார்பன் இருந்தால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேராது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஸ்பாஞ்சோ ரிங்கோ வைப்பது எப்போதும் நல்லது.

கேள்வி: ஸ்பாஞ்ச் ஃபில்டரிலிருந்து கேனிஸ்டருக்கு மாறுகிறேன். மாட்டிய அன்றே பழையதை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் தொட்டியின் பாக்டீரியாவில் பெரும்பகுதி அந்தப் பழைய ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது. 4 முதல் 6 வாரம் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். அவசரம் என்றால் அந்த ஸ்பாஞ்சை வெட்டி கேனிஸ்டரின் முதல் தட்டில் வையுங்கள். பழைய ஃபில்டரை எடுத்த பிறகு ஒரு வாரமாவது அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் செய்து பாருங்கள், தீனியைக் குறையுங்கள். பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) அதிகமான தண்ணீர் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 25 டிகிரியில், பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் அரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிஹெச் 8 என்றால் அது 5 சதவீதத்துக்கு மேல் போய்விடும். டெஸ்டில் ஒரே எண் வந்தாலும் மீனுக்கு ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு.

கேள்வி: மின்சாரம் போனால் கேனிஸ்டருக்குள் இருக்கும் பாக்டீரியா செத்துவிடும், திரும்ப வந்ததும் மீனும் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா சார்?

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் உடனே எல்லாம் செத்துவிடாது. கேனிஸ்டர் மூடிய பாத்திரம், காற்று படாது. அதில் 5 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரைந்திருக்கும், ஆக மொத்தம் 40 மில்லிகிராம். அவ்வளவுதான் கையிருப்பு. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க பாக்டீரியாவுக்கு சுமார் 4.6 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும், இதற்கு மேல் ஸ்பாஞ்சில் தேங்கிய கழிவை அழுக வைக்கும் மற்ற பாக்டீரியாவும் அதே ஆக்ஸிஜனுக்குத்தான் போட்டி போடுகிறது. ஓட்டம் நின்றதும் இந்தக் கையிருப்பு வேகமாகத் தீரும்.

அதனால் அரை மணி, ஒரு மணி நேரம் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், மின்சாரம் வந்தவுடன் அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய அந்தத் தண்ணீர், ஆக்ஸிஜன் இல்லாமல், சில சமயம் அழுகல் வாடையோடு, நேராகத் தொட்டிக்குள் போய் விழும். பிளக்கை முன்பே கழற்றி வையுங்கள். வால்வை மூடி, கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு போடுங்கள். நீண்ட நேரம் மின்சாரம் வராது என்று தெரிந்தால் மீடியாவை ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை அதன் அடியில் வையுங்கள், மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்து மூச்சு கிடைக்கும்.

இன்னொன்று. சுத்தமாக வைத்திருக்கும் கேனிஸ்டர் இந்த மாதிரி நேரத்தில் அதிக நேரம் தாங்கும், ஆக்ஸிஜனைத் தின்னும் கழிவு அதில் குறைவு. மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே பெரிய கேனிஸ்டரை விட, ஒரு நடுத்தர கேனிஸ்டரும் கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும்தான் என் யோசனை. கேனிஸ்டர் இழுப்பது 10, 20 வாட்தான், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தயங்காமல் அதில் மாட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கேனிஸ்டர் கசிந்து தொட்டித் தண்ணீர் முழுக்கத் தரையில் கொட்டிவிடுமோ என்ற பயத்திலேயே வாங்காமல் இருக்கிறேன்.

பதில்: இந்தப் பயம் நியாயமானது, ஆனால் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. கசிவு வருவது பெரும்பாலும் மூடியைச் சுற்றி இருக்கும் ஓ-ரிங்கில். கழுவி மூடும்போது ஒரு மணல் துகளோ, செடி இலையின் துணுக்கோ, ஒரு முடியோ அந்த இடத்தில் மாட்டினால் போதும், சொட்டத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கை வெளியே எடுத்து, அதையும் அது உட்காரும் பள்ளத்தையும் விரலால் துடைத்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவிப் போடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், பல வகை ரப்பர் அதனால் ஊதிக் கெட்டுவிடும். மூடிய பிறகு கேனிஸ்டரைச் சுற்றிக் காய்ந்த காகிதம் ஒன்றை விரித்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹோஸ் கழன்றுவிட்டால் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை, உறிஞ்சும் குழாயின் வாய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. தண்ணீர் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் (குழாய் வழியாகத் தானாக இறங்கும் ஓட்டம்) அறுந்துவிடும். எனவே குழாயைத் தரை வரை இறக்காமல் பாதி ஆழத்தை ஒட்டி நிறுத்தினால், மோசமான நிலையிலும் மீனுக்குப் பாதித் தண்ணீர் மிஞ்சும். திரும்பி வரும் குழாயும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அது வழியாகவும் தண்ணீர் பின்னோக்கி இறங்கும், அதில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் அங்கே நின்றுவிடும். வெயிலிலும் வயதிலும் ஹோஸ் கெட்டியாகிவிடும், இறுகிய ஹோஸ் முனையில் பிடிப்பை இழக்கும். வளைத்தால் வெடிப்பு தெரிகிறதென்றால் அன்றே மாற்றுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம்.

மின்சார விஷயத்தில் சமரசமே கூடாது. வயர் பிளக்கிற்குப் போகும் முன் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்க வேண்டும், அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் இருக்கட்டும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள், வீட்டில் குழந்தைகள் தீனி போடப் பழகியிருந்தால் அவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: தொட்டி ஸ்டாண்ட் உயரம் அதிகம். கேனிஸ்டரைத் தரையில் வைத்தால் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற மோட்டார் திணறாதா?

பதில்: இது பலருக்கு இருக்கும் சந்தேகம். கேனிஸ்டர் மூடிய சுற்று. ஒரு ஹோஸில் இறங்கி வரும் தண்ணீரின் எடை, இன்னொரு ஹோஸில் ஏறும் தண்ணீரின் எடையைச் சமன் செய்துவிடுகிறது. மோட்டார் போராடுவது உயரத்தோடு இல்லை, உராய்வோடு. ஹோஸின் நீளம், வளைவுகள், மீடியாவின் அடைப்பு, இவைதான் ஓட்டத்தைத் தின்பவை. அதனால் ஹோஸை அளந்து வெட்டுங்கள், மிச்சத்தைச் சுருட்டி உள்ளே திணித்து வைக்காதீர்கள். ஒன்று உண்மை, எவ்வளவு கீழே வைக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் மூடியின் மேல் கூடும், ஒரு மீட்டருக்கு சுமார் 0.1 பார். நிறுவனம் சொல்லும் உயர வரம்பைத் தாண்டாதீர்கள். தொட்டியின் பக்கத்தில் அதே மட்டத்தில் வைப்பதும் சரிவராது, தண்ணீர் தானாக இறங்கி நிரம்ப வேண்டுமே.

கேள்வி: பெரிய கேனிஸ்டர் இருந்தும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகிறது. ஆறு மாதமாகத் திறக்கவே இல்லை, தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

பதில்: பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பாஞ்சில் பிடிபட்ட கழிவு தொட்டியை விட்டுப் போகவில்லை, உங்கள் கண்ணை விட்டுத்தான் போயிருக்கிறது. அதே தண்ணீர் ஒரு நாளில் எத்தனையோ முறை அதன் வழியாகப் போய் வருகிறது, அந்தக் கழிவு அழுகி அம்மோனியாவாகி நைட்ரேட்டில் முடிகிறது. கேனிஸ்டர் நைட்ரேட்டை எடுக்காது. தண்ணீர் மாற்றுவதும், வேகமாக வளரும் செடிகளும்தான் எடுக்கும்.

நாள் கணக்கு வைத்துக் கழுவுவதை விட ஓட்டத்தைப் பாருங்கள். கழுவிய அன்று வெளியேறும் தண்ணீர் எவ்வளவு தூரம் அலையடிக்கிறது என்று பார்த்து வையுங்கள். அது கண்ணுக்குத் தெரியக் குறைந்தால் திறக்கும் நேரம் வந்துவிட்டது. மீன் நிறைந்த தொட்டிக்கு மாதம் ஒரு முறை, லேசான தொட்டிக்கு இரண்டு மூன்று மாதம் என்று அமையும். கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே பயன்படுத்துங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பாக்டீரியாவைக் கொல்லும். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழியலாம், ரிங்கை லேசாக அலசினால் போதும். ஆறு மாதம் தேங்கியது என்பதால் நீங்கள் இந்த முறை ஸ்பாஞ்சை மட்டும் கழுவி, இரண்டு வாரம் கழித்து ரிங்கைத் தொடுங்கள். செராமிக் ரிங்கை இத்தனை மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றச் சொல்லி எழுதியிருந்தால் அதைக் கேட்க வேண்டாம். உடைந்து பொடியாகாத வரை அது உழைக்கும்.

கேள்வி: புதிய கேனிஸ்டர், கடகடவென்று சத்தம்.

பதில்: உள்ளே காற்று. ஓடும்போதே இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து வையுங்கள், குமிழி வெளியேறும். ஏர் ஸ்டோன் உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். இரண்டு நாளாகியும் நிற்கவில்லை என்றால் இம்பெல்லரின் செராமிக் தண்டு உடைந்திருக்கிறதா பாருங்கள், அப்படி இருந்தால் வாரண்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: செடித் தொட்டி, கார்பன் டை ஆக்ஸைடு கொடுக்கிறேன். வெளியேறும் குழாயை எப்படி வைப்பது?

பதில்: மேற்பரப்பைத் தெறிக்க விட்டால் கொடுத்த வாயு பறந்துவிடும், அசையாமலே விட்டால் இரவில் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மேற்பரப்பு மெல்ல நெளியும்படி திருப்புங்கள். கேனிஸ்டர் தானாகத் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் சேர்ப்பதில்லை, அந்த நெளிவுதான் சேர்க்கிறது. இரவில் வாயுவை நிறுத்திவிடுவதும் நல்லது. காலையில் விளக்கு போடும் முன் மீன்களைப் பாருங்கள், மேலே கூட்டமாக வாய் பிளந்து நின்றால் குழாயை இன்னும் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய கேனிஸ்டரைக் குறைந்த விலையில் தருகிறார். வாங்கலாமா?

பதில்: உதிரி பாகம் இன்னும் கிடைக்கிற மாடல் என்றால் வாங்கலாம். அவர் வீட்டிலேயே தண்ணீர் நிரப்பி ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூடியின் கிளிப் இருக்கும் இடங்களில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அந்த இடம் போனால் ஒட்டிச் சரிசெய்து நம்ப முடியாது, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். இம்பெல்லர், ஓ-ரிங், ஹோஸ் மூன்றையும் புதிதாக மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதில் வரும் மீடியாவை நேரே உங்கள் தொட்டியில் சேர்க்க வேண்டாம், அந்தத் தொட்டியில் என்ன நோய் இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஸ்பாஞ்சைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிங்கைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தலாம். அப்போது அதில் இருக்கும் பாக்டீரியாவும் போய்விடும் என்பதால், மேலே சொன்ன மாதிரி 4 முதல் 6 வாரம் உங்கள் பழைய ஃபில்டரும் கூடவே ஓடட்டும்.